அரைமணி நேரக் கண்காணிப்பு

ஊசி போட்டபின் அரைமணி நேரம்
எழுந்து போகக்கூடாது என்றார் நர்ஸ்.
பல்லார்டு எஸ்டேட், மரப்பெஞ்சு,
இடது புஜத்தில் பஞ்சை அழுத்தியபடி மூன்று பேர்.
எதிரே கப்பல்வேலைக்குப் போகும் பையன்கள்
வாய்திறந்து தூங்கினார்கள்.

எங்கே, என்றாள் ஃபிரோஸா.
பொலிவியா என்றேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை,
இவளிடம் சொல்லிவிட்டேன்.
லாண்டரி ரசீதின் பின்புறம் அவள்
பென்சிலால் அதே நாட்டைப் போட்டு வைத்திருந்தாள்:
உப்புவெளி ஒரு காலியிடம்,
இரவுப் பேருந்துக்குப் புள்ளிகள்.

சப்னிஸ் எட்டிப்பார்த்தார். ஓய்வுபெற்ற ஆடிட்டர்.
"நாலாயிரம் மீட்டர். மூச்சு முட்டும்.
எனக்கென்ன, முப்பது வருஷம் டோம்பிவிலி ஃபாஸ்ட்."

மூவருக்கும் சேர்த்து ஸ்பானியச் சொற்கள் ஏழு தேறின.
அதில் இரண்டு கழிப்பறைக்கு.
ஒரே அறை எடுத்தால் யார் குறட்டை என்பதுவரை
பேசிவிட்டோம்;
போன் நம்பர் வாங்கவில்லை.

மஸ்ஜித் தாண்டியதும் பையைத் திறந்தேன்.
மஞ்சள் புத்தகத்தில் சப்னிஸின் பெயர்.
என்னுடையது அவர் பையில் இருக்கும்,
அல்லது அவளுடையதில்.

சியானில் இறங்கி நின்றேன்.
டோம்பிவிலி ஃபாஸ்ட் அங்கே நிற்காது.
கதவில் தொங்கிய எல்லாரையும் பார்த்துக்
கையை ஆட்டினேன்,
ஊசி போட்ட கையை.