வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு

நாலேகாலுக்கே விழிப்பு.
நான்காம் வகுப்பின் தரையில்
நாங்கள் மூன்று பெண்கள், ஒரு ஜமுக்காளம்.
தலைமாட்டில் அரக்கு உடையாத இயந்திரம்.
வாசலில், துப்பாக்கியைக் கால்களுக்கிடையே நிறுத்தி
உட்கார்ந்தபடி உறங்கும் கான்ஸ்டபிள்.
கழிப்பறைச் சாவி தலைமையாசிரியரிடம்.
தலைமையாசிரியர் மேலூரில்.

அதனால்தான் நடந்தேன்.
அழகு பார்க்க இல்லை என்பதை
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவர்களில் சின்னங்களின் மேல்
சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.
இருட்டில் அது மட்டும் வெளுப்பு.
சதுரம் சதுரமாக
யாருமில்லாத ஜன்னல்களைப் போல.
புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி
முந்தாநாள் மாலையோடு வாயடைத்து
இப்போது ஏதோ பறவை அதற்குள்.

நேற்றிரவு இந்த ஊரைப்
பெயர்களாகப் படித்து முடித்திருந்தேன்.
இரண்டின் கீழ் நாற்பத்தொன்றில்
சோலையழகு, வயது இருபத்துமூன்று,
அவனுக்கு மேலே நான்கு பேர்.
இதோ அந்த வீடு.
பூட்டில் துரு. பூட்டைச் சுற்றிச் சிலந்தி.
திருப்பூரோ துபாயோ,
ஐந்து பேரும்
பட்டியலில் மட்டும் குடியிருக்கிறார்கள்.

ஒரு நாய் என்னோடு வந்தது.
குரைக்கலாமா என்று யோசித்து,
வேண்டாம் என்று விட்டுவிட்ட நாய்.

தெரு முடிகிற இடத்தில்
மலை இருந்திருக்க வேண்டும்.
பாதிதான் இருந்தது.
மீதியை அறுத்துக் கப்பலேற்றிய பள்ளத்தில்
தண்ணீர்.
கடலுக்கு முன் நிற்பவள் போல நின்றேன்.
அலையில்லை. கரையென்று சொல்ல ஒரு செங்குத்துச் சுவர்.
அடியில் எங்கோ ஒரு நட்சத்திரம்.
நான் கணக்கு டீச்சர்;
நீளம், அகலம், ஆழம்
எல்லாம் கண்ணெதிரே இருந்தும்
பெருக்கிப் பார்க்கவில்லை.

(மறைவாக ஒரு இடம்கூட இல்லை.
அறுத்த பாறை அவ்வளவு வழவழப்பு.)

திரும்பும் வழியில் ஒரு கொட்டகையில் குண்டுபல்பு.
வெறும் செம்பில் பால் விழும் சத்தம்,
பிறகு பாலிலேயே பால் விழும் சத்தம்.
மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்திருந்தவர்
தலையைத் திருப்பாமலே கேட்டார்:
‘ஓட்டு மிசினோட வந்தவுகளா?’
ஆமாம் என்றேன்.
அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.
‘பின்னாடி இருக்கு. தொட்டியில தண்ணி கெடக்கு.
கதவுக்குத் தாப்பா இல்ல.
கல்லு இருக்கு, முட்டுக் குடுத்துக்கங்க.’

ஒரு ஊர் தன்னைத் திறந்து காட்டுவது
கோபுரத்திலோ குளத்திலோ இல்லை
என்று அந்தத் தகரக் கதவுக்குள் நினைத்தேன்.
பிறகு நினைக்காமல்
தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது
அவர் கேனோடு சொசைட்டிக்குப் போயிருந்தார்.
நன்றி சொல்ல ஆளில்லை.
மாடு என்னைப் பார்த்தது.
மாட்டிடம் சொன்னேன்.

ஏழு மணி.
வரிசையில் ஒன்பதாவதாக வந்தார்,
ஈரத்தலை, மடிப்புக் கலையாத வாயில் சேலை.
முதல் அலுவலர் உரக்க வாசித்தார்:
நானூற்றுப் பன்னிரண்டு,
மலைச்சி, கணவர் பெயர் சேவுகன்.
ஏஜெண்டுகள் கோடு போட்டுக்கொண்டார்கள்.
அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.
நானும்தான்.

இடதுகை ஆட்காட்டி விரல்.
நகத்திலிருந்து தோலுக்கு ஒரு கோடு.
காம்பு பிடித்தே காய்த்த கணு,
சோப்பையும் மீறி ஒரு பால்வாடை.
மை காய வேண்டும் என்று
கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தேன்.

தடுப்பட்டைக்குப் பின்னால் போகுமுன்
எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:
‘கல்லு அங்கனயேதான் கெடக்கு.’

அடுத்தவர், என்றேன்.