பள்ளம் சரியாகத்தான் இருந்தது

முப்பத்தொன்றாவது முகத்தில் கணினி நின்றது.
பன்னிரண்டுக்கு எட்டு, காதணி விழா ஃப்ளெக்ஸ்.
மேலே தாய்மாமன் வரிசை,
கீழே பங்காளிகள்,
மொத்தம் நாற்பத்திரண்டு தலை.
சின்னப்பையன் தலையைக் கத்தரித்து
வட்டத்துக்குள் இறக்கும்போது
நீல வளையம் சுற்றிச் சுற்றி
அப்படியே உறைந்தது.

நாலு ஜிபி. ஆறு வருஷமாக ஒரே குச்சி.

இப்படி ஆகுமென்றுதான் போன திங்கட்கிழமை
ராயக்கோட்டையில் ரயிலேறினேன்.
பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சந்து சந்தாக அலைந்து
எட்டு ஜிபி, டிடிஆர் த்ரீ, ஆயிரத்தறுநூறு,
ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒன்றை வாங்கினேன்.
எந்த போர்டிலும் ஓடும் என்று
கடைக்காரன் மூன்று மொழியில் சொன்னான்.
பில் ஒரு மொழியிலும் தரவில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
தக்காளி மண்டி லாரிகள் கிளப்பிய செம்மண்
விசிறி இறக்கை மேல் ஒரு விரல் கனம்.
ஊதினேன். இருமினேன்.
பள்ளம் சரியாகத்தான் இருந்தது.
இரண்டு பக்கக் காதும் டக்கென்று கவ்விக்கொண்டன.
சுவிட்சைப் போட்டால்
பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.

என் மகன் பென்சில் டப்பாவிலிருந்த ரப்பரால்
பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
குழி மாற்றிச் செருகினேன்.
புதியதை மட்டும் வைத்தேன்: பீப்.
பழையதை மட்டும் வைத்தேன்:
ஒன்றுமே நடக்காததுபோல்
விண்டோஸ் வந்து நின்றது.
எட்டணா மாதிரி இருக்கும் பேட்டரியைப் பிடுங்கி
இருபது வரை எண்ணி
திரும்ப மாட்டினேன்.
பீப்.

நடுவில் ருத்ரம்மா போன்:
"பெரிய மாமனையும் சின்ன மாமனையும்
பக்கத்துல பக்கத்துல வெச்சிராதம்மா நாகவேணி,
கெணத்து விவகாரத்துல ரெண்டு பேரும் பேசறதில்ல.
விடியக்கால ஆறுக்கு மண்டபத்துல கட்டணும்."

போன் வெளிச்சத்தில் குச்சியைத் திருப்பினேன்.
ஆரஞ்சுச் சட்டையின் ஓரத்தில்
எறும்புத் தலை எழுத்து:
ஏஎம்டி-க்கு மட்டும்.
என்னுடையது இன்டெல்.
அதே நீளம், அதே பள்ளம், அதே மின்சாரம்.
உள்ளே இருக்கும் சில்லுகளை
எண்ணுகிற கணக்கு மட்டும் வேறு.
எட்டு நாள் ஸ்டிக்கரின் பெரிய எழுத்தையே
படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிர்ச்சாரியில் சம்பங்கியின் இ-சேவைக் கடை.
அவன் லேமினேஷன் மெஷின் வாங்கிய நாளிலிருந்து
நாலு மாதம் பேச்சில்லை.
அவன் கேபினெட்டில் ஏஎம்டி ஸ்டிக்கர் உண்டு,
ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரியும்.
மணி பத்தரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து நுழைந்து
குச்சியை நீட்டினேன்.
வாங்கிப் படித்தான்.
"ஏமாத்திட்டானா?" என்றான்.
பதில் சொல்வதற்குள்
ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான்.

அவனுடையது சட்டையில்லாத பச்சை, அதே எட்டு.
என்னுடையதை அவன் குழியில் அழுத்தினான்:
ஒற்றை பீப், முதல் மூச்சு மாதிரி,
பிறகு திரை.
அவனுடையதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
ரோட்டைக் கடக்கும்போது
பின்னாலிருந்து கேட்டான்,
"ஏ4 லேமினேஷன் என்ன ரேட் போடற?"
"நீ போடறதுதான்."

பன்னிரண்டு ஜிபி என்றது பயாஸ்.
பக்கத்தில் சின்னதாக, ஆயிரத்து முன்னூற்று முப்பத்துமூன்று.
புதிதாக வந்தது ஆயிரத்தறுநூறு ஓடக்கூடியது;
பழைய குச்சி அருகில் இருப்பதால்
அதன் நடைக்கு இறங்கிவிட்டது.
நான் எதையும் அமைக்கவில்லை. தானாகவே.

மூன்று மணிக்கு மெஷின் இரையத் தொடங்கியது.
பெரிய மாமன் இடக்கோடி, சின்ன மாமன் வலக்கோடி,
நடுவில் காது குத்தப்போகிற குழந்தை
யாரையும் பார்க்காமல்
கேமராவுக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரிக்கிறது.
மை காய ஃபேன் போட்டேன்.
சின்னப்பையன் தலை மட்டும்
வட்டத்தை விட்டு ஒரு நூல் வெளியே நின்றது.
கவனித்தேன்.
விட்டுவிட்டேன்.