மூன்றடி

பனிக்கலப்பையை மாட்டினால்
என் வண்டி கராஜைவிட மூன்றடி நீளம்.
ஒன்பது குளிர்காலம்
கதவைப் பாதி இறக்கிக் கயிறு கட்டி
மூக்கை வெளியே நீட்டித் தூங்கும் நாயைப்போல
விட்டுவைத்திருந்தோம்.
விடியற்காலை நாலு மணிக்கு
அந்த மூக்கின்மேல் கிடக்கும் பனியைத்தான்
ஊரிலேயே முதலில் வாருவேன்,
கூலி கிடையாது.

இது கெவீனோ.
சுப்பீரியர் ஏரி ஒரு மூச்சு விட்டால்
எங்களுக்கு இடுப்பளவு.

புதுக் கூரையின்மேல் எவ்வளவு நிற்கும் என்று
ஊர் அலுவலகத்தில் டெல்ஃபின் கணக்குப் போட்டாள்.
"உன் வண்டியைத் தூக்கிக் கூரைமேல் வை.
பிறகு பக்கத்து வீட்டுக்காரன் வண்டியையும்."
சொல்லிவிட்டு முத்திரை குத்தினாள்.

பின்சுவரை எடுக்க வேண்டும்.
அது நின்ற இடத்தில் குறுக்கே ஓர் உத்தரம்,
பதினாறு அடி.
மூன்று பலகையைச் சேர்த்து அறைந்தால் போதும் என்றான் ரெய்னோ.
நடுவில் ஒரு தூண் என்றேன்.
தூண் இடிக்கும் என்றான்.
கூரை இடிந்தால் என்றேன்.
அன்றைக்கு மீன் சூப்பில் உப்பில்லை.
இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

ஜூனில் ஆரம்பித்தோம்.
வாடகை ஜாக்கிகள் இன்னும் வந்து சேரவில்லை.
அதுவரை சும்மா இருப்பானேன் என்று
பின்சுவரோடு ஒட்டி உச்சிவரை அடுக்கியிருந்த
மேப்பிள் விறகை வெளியே வீசினோம்.
மிச்சம் தோளளவு இருக்கும்போது
தலைக்கு மேல் ஏதோ இருமியது.
பக்கக் கதவு கிரீச்சென்று பிடித்துக்கொண்டது.
முன்பக்கமாக ஓடினோம்,
அவன் ஒரு செருப்போடு.

ஜாக்கிகள் வந்தபின்
கடப்பாரையால் கீழ்ப்பலகையை நெம்பிப் பார்த்தால்
அடிக்கட்டை
காப்பியில் ஊறிய ரஸ்க்.
சுவரின் கால்கள் தரையில் படவே இல்லை.
அடியில் என் கை நுழைந்தது.
கூரையைச் சுவர் தாங்கவில்லை,
கூரைதான் இத்தனை நாளும்
சுவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.
இரண்டையும் சேர்த்துத் தாங்கியது
அந்த விறகு.

இலையுதிர்காலத்தில் உச்சிவரை அடுக்குவோம்.
பிறகு அடுப்புக்காக மேலிருந்து எடுப்போம்,
தினம் ஒரு கை, இரண்டு கை.
மார்ச் வந்தால் பக்கக் கதவு திறக்காது.
ஈரம் என்றோம்.
வெவ்வேறு வருடங்களில் மூன்று தடவை
அவன் கதவை இழைத்துச் செதுக்கினான்.
குளிர்காய நாங்கள் எரித்துக்கொண்டிருந்தது
எங்கள் தூணை.

ரெய்னோ வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.
ரொம்ப நேரம் அந்தச் சந்தையே பார்த்தான்.
"எங்கே வேண்டும்" என்றான்,
"தூண்?"

நாலடி தோண்டினோம், உறைபனி அவ்வளவு தூரம் இறங்கும்.
ஒன்பது மூட்டை சிமெண்ட்.
அதன் நடுவில் இரும்புக் காலணி போட்டு
தூணை நிறுத்தி
உத்தரத்தை ஏற்றி
ஜாக்கியைக் கால் திருகாகத் தளர்த்தும்போது
இருவரும் ஏனோ மூச்சை அடக்கியிருந்தோம்.
மயிரளவு இறங்கியது.
நின்றது.

வண்டி இப்போது முழுசாக உள்ளே.
வலதுபக்கக் கதவைத் திறந்தால் தூணில் முட்டும்,
பழைய கம்பளத்துண்டைச் சுற்றியிருக்கிறேன்.
ரெய்னோவின் முழங்கைக்குக் கம்பளம் பற்றவில்லை.
இடித்துக்கொள்ளும்போதெல்லாம்
அவன் அம்மாவின் மொழியில் ஒரே ஒரு வார்த்தை.
பிறகு அதே தூணில் தொப்பியை மாட்டுவான்.

இது மார்ச்.
விறகு தீர்ந்துவிட்டது, கூரைமேல் இரண்டு வண்டி கனம்.
பக்கக் கதவு தொட்டால் திறக்கிறது.
மூன்று தடவை செதுக்கிய கதவு.
சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி.
ராத்திரியெல்லாம் அதன் வழியே
பொடிப்பொடியாய் உள்ளே வந்து
என் முன்சக்கரத்தடியில் குவிகிறது
பனி.