முப்பத்தேழு

விவாகரத்தில் வந்த பணத்தில்
சமையலறையைப் புதுப்பிக்கச் சொன்னாள் அக்கா.
நான் ஒரு ராணுவ லாரி வாங்கினேன்.

ப்ராகா. ஆறு சக்கரம்.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
ராணுவம் கழித்துவிட்டபின் மரம் ஏற்றி,
அப்புறம் ஒரு பண்ணையின் பின்புறம்
பதினோரு பனிக்காலம் சும்மா நின்றது.
சாவி கேட்டேன். விற்றவன் சிரித்தான்:
திருட வருகிறவன் முதலில்
அந்தக் கிளட்சை மிதிக்கட்டும், பார்ப்போம்.

யிஹ்லவா மருத்துவமனையில் இரவுப் பணி.
விடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு.
ஊசி போட்டுத் தூங்கவைப்பது அங்கே என் தொழில்.
இங்கே எழுப்பியாக வேண்டும்.

தண்ணீர் கேட்காத இன்ஜின் இது,
காற்றைக் குடித்தே குளிர்ந்துகொள்ளும்.
ஆறு சிலிண்டருக்கும் தனித்தனித் தலை;
ஒன்றைக் கழற்றினால் மற்ற ஐந்தும்
எனக்கென்ன வந்தது என்று நிற்கும்.
நான்காவதில் ஒரு வால்வு இறுகிக் கிடந்தது.
மூன்று வாரம் எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன்.
ஒரு ஞாயிறு மதியம்
அம்மா கேட்டிருந்தால் வாயில் அடித்திருப்பாள்,
அப்படி ஒரு வார்த்தை சொன்னேன்.
அசைந்தது.

பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட
நீலம், அதற்கடியில் ஆரஞ்சு,
அதற்கடியில் பச்சை, பச்சைக்குள் வேறொரு பச்சை.
உதவியாள் இருக்கைக்குப் பின்னால்
தகரத்தைப் பெயர்த்தபோது விழுந்தது
ஒரு தையல்காரர் நாடா.

எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.
கட்டாய ராணுவத்தில் கடைசி நூற்றைம்பது நாள்,
நூற்றைம்பது சென்டிமீட்டர் நாடா,
மாலைக்கு ஒன்றாக வெட்டி எறிவார்கள் பையன்கள்.
ரடோவான் தன் கடைசித் துண்டைப்
பர்ஸில் வைத்திருந்தான்.
முதல் சந்திப்பில் காட்டினான்,
அதற்கு மயங்கினேன் என்று சொல்லவும் வெட்கம்.

இந்த நாடா முப்பத்தேழில் நின்றிருந்தது.
ஒரு முனையில் பித்தளைத் தகடு,
மறுமுனையில் கத்தரி சாய்ந்த வெட்டு.

குலுக்கலில் நழுவி உள்ளே போயிருக்கலாம்.
அவன் திட்டிக்கொண்டே வேறொன்று வாங்கி
முப்பத்தேழு வரை ஒரே இரவில்
வெட்டித் தள்ளியிருக்கலாம்.
நிச்சயம் அதுதான், என்றேன்
ஸ்பானரிடம்.

மேஜையில் படுத்தவர்களிடம்
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன்.
ஏழைத் தாண்டியவர் குறைவு.
எண்ணி முடிக்காததை
எழுந்தபின் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இரும்பு அளவுகோலோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு.
அத்தனை கோடைச் சூட்டில்
துணி நீண்டிருக்கிறது.
யாரோ ஒரு பையனுக்கு
ஒரு நாள் கூடிவிட்டது, அதுவும் ராணுவத்தில்.
சிரிப்பு வந்தது. பிறகு
கை கழுவப் போனேன், நிறைய நேரம் கழுவினேன்.

ஜூனில் கிளம்பியது.
முதல் புகை பக்கத்து வீட்டு ப்ரோகெஷின்
வெள்ளைப் போர்வைகள்மேல் இறங்கியது.
அவர் வேலிவரை வந்தார், திட்ட வாயெடுத்தார்,
இன்ஜினைக் கொஞ்சம் கேட்டார்.
நான்காவது தட்டுது, என்று சொல்லிவிட்டு
போர்வைகளை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நாடாவைக் கிடந்த இடத்திலேயே வைத்து
தகரத்தை மூடினேன், ஆறு ரிவெட்.
ஐந்துதான் நேராக விழுந்தது.

அக்காவை ஏற்ற ஸ்டூல் போட வேண்டியிருந்தது.
மணிக்கு ஐம்பத்தைந்து, அதற்குமேல் மனசில்லை அதற்கு.
பின்னால் பதினேழு கார், ஒரு பால் டேங்கர்,
எல்லோருக்கும் அவசரம்.
அக்கா என் காதருகே கத்தினாள்:
சமையலறை எப்போ?
கேட்கவில்லை என்று கத்தினேன்.
மறுபடி கத்தினாள்.
கியரைக் குறைத்தேன்,
மேடு வந்துவிட்டது.