இருநூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாமல்

ஒட்டுசுட்டான் சந்தி.
போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில்
எனது இலட்சியம் ஏற்கெனவே ரைப் பண்ணிக் கிடக்கிறது.
"பேரை மாத்தினால் காணும், தங்கச்சி.
போன வருசம் பதினொரு பேர் இதைத்தான் குடுத்தவை.
நூற்றைம்பது ரூபா, எழுத்துப் பிழை இல்லை"
என்கிறார் சசிதரன் அண்ணை.

*சிறு வயது முதலே ஆசிரியராக வேண்டுமென்பது
எனது அணையாத கனவாகும்.*

சிறு வயதில் நான் லாண்ட்மாஸ்டர் ஓட்ட ஆசைப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியின் கடைசித் தாளில்
நானே தொடங்கினேன்.
பெயர்: நவரத்தினம் டிலக்சிகா.
இதுவரை பொய் இல்லை.
கல்வி கற்ற பாடசாலைகள், ஆண்டு ஒழுங்கில்.
தந்த பெட்டி தீப்பெட்டி அளவு.
முதலாம் வகுப்பை நான் மூன்று இடத்தில் படித்தேன்:
ஒன்றுக்குக் கூரை இருந்தது,
ஒன்று பாலை மரம்,
ஒன்று தறப்பாள்.
மரத்துக்குப் பாடசாலை இலக்கம் என்ன போடுவது?
கோடு இழுத்துவிட்டேன்.
பார்த்தால் அந்த வருசம்
நான் சும்மா இருந்தவள் போல் கிடக்கிறது.

ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்?

சம்பளம், என்று எழுதினேன்.
செவ்வாய்க்கிழமை கடன் காசுக்கு வரும் பெடியன்
ஹெல்மெட் கழற்றாமல் முற்றத்தில் நிற்பான்,
அம்மா கோழிக்குத் தீன் போடுவது போல் குனிந்தே நிற்பா.
வெட்டினேன்.
வெட்டிய பிறகும் செவ்வாய் வந்தது.

பிள்ளைகள் மீதுள்ள அன்பு, என்று எழுதினேன்.
பின்னேர வகுப்பு அபிசன் என்னைக் கடித்தவன்.
அவனேதான் போன கிழமை
பெடலுக்கு ஒன்றாய் ஏழாம் வாய்ப்பாட்டை மிதித்துக்கொண்டு
வாய்க்கால் கரையால் போனான்.
ஏழெட்டு ஐம்பத்தாறில் சங்கிலி கழன்றது.
திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான், "ஐம்பத்தாறு!"
அப்போது எனக்குள் ஏதோ நடந்தது.
அதற்குச் சொல் தெரியவில்லை.
அன்பு என்பதையும் வெட்டினேன்.

உண்மையான காரணம் ஒரு பஸ்.
வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு வரும் யாழ்ப்பாண பஸ்.
ஒன்பதாம் ஆண்டில் எங்களுக்குக் கணிதம் வதனரூபி ரீச்சர்.
கடைசிப் பாடத்தில் ஹான்ட்பாக் மேசையில்,
அதன்மேல் குடை,
வெண்கட்டி கையில், கண் ஜன்னலில்.
சமன்பாட்டின் இடப்பக்கம் எங்களுக்கு,
வலப்பக்கம் றோட்டுக்கு.
எக்ஸின் பெறுமானம் திங்கட்கிழமைதான் தெரியவரும்.
இடமாற்றம் கிடைத்த அன்று லட்டு தந்தா.
நாங்கள் கைதட்டினோம்.
பிறகு ஏழு மாதம் அந்தக் கதிரையில் ஆளில்லை.
அவ விட்டுப்போன கணக்கு
'தீர்க்க' என்ற சொல்லோடு பலகையில் நின்றது.
அழிக்க ஒருவருக்கும் மனமில்லை.
மாரியில் கூரை ஒழுகித்தான் அழிந்தது.

ஆகவே எழுதினேன்:
*வெள்ளிக்கிழமை ஜன்னலைப் பார்க்காத ஒரு ரீச்சராக இருக்க விரும்புகிறேன்.*
எண்ணினேன். ஏழு சொல்.
பெருமையாய்த்தான் இருந்தது.

தாளைத் திருப்பினால், சின்ன எழுத்தில்:
நாட்டின் எப்பாகத்திலும் சேவையாற்றச் சம்மதிக்கிறேன்.
கையொப்பம்.

எப்பாகத்திலும்.
எங்கோ ஒரு தேயிலை மலை, அதன் உச்சியில் ஒரு வகுப்பு,
அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கும்.
அங்கிருந்து வீட்டுக்கு மூன்று பஸ்.
முற்றத்தில் அம்மா.
அந்த லட்டில் கராம்பு இருந்தது.
கடை லட்டில் கராம்பு இராது.
யாரோ வீட்டில் இருந்து உருட்டித் தந்திருக்க வேண்டும்,
மகள் திரும்பி வருகிறாள் என்று.

பேனை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
பிறகு கையொப்பம் வைத்தேன்.
பிறகு 'பார்க்காத' என்பதை வெட்டினேன்.

*வெள்ளிக்கிழமை, கணக்கை முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற
ஒரு ரீச்சராக இருக்க விரும்புகிறேன்.*

சசிதரன் அண்ணை இரண்டு தரம் வாசித்தார்.
"ரீச்சர் எண்டு போடேலாது, ஆசிரியர்."
"சரி, போடுங்கோ."
"ஒன்பது சொல்லுத்தானே, பிள்ளை.
இன்னும் இருநூற்று நாற்பத்தொன்று கிடக்கு."

"மேற்படாமல் எண்டுதானே அண்ணை
கேட்டிருக்கினம்."