விளக்கறைக் கணக்கு

இருபத்தேழு வருஷம் ஸாப்ஜே சுரங்கத்தில்
விளக்குக் கொடுத்து விளக்கு வாங்கிய கை இது.
இறங்குகிறவனுக்கு ஒன்று தர வேண்டும்,
ஏறி வந்தவனிடம் ஒன்று வாங்க வேண்டும்.
கொக்கிகள் நிறைந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இன்றைக்கு ஒரே ஒரு விளக்கு.
ரிஷபத்தின் கொம்புக்குக் கீழே
பெயர் வைக்காத மங்கல் நட்சத்திரம்.
அதற்கு முன்னால் ஒரு கல் கடக்கப் போகிறது.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற கூட்டத்தில் ஒன்று,
உடம்பெல்லாம் கரிமமும் களிமண்ணும்.
நூறு பங்கு வெயில் விழுந்தால்
நாலு பங்கு திருப்பித் தர மூக்கால் அழும்.
எங்கள் ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்ளலாம்.

முட்டைக்கோஸ் அறுத்த பாத்தியில் முக்காலி நிற்கிறது.
மைனஸ் ஒன்பது.
லென்ஸில் பனி படியாமலிருக்க அலோய்ஸ்
மனைவியின் தலைமுடி உலர்த்தியை எடுத்து வந்திருக்கிறான்,
அவளிடம் சொல்லாமல்.
வடக்கே ஓப்போலேயில் ரொட்டி சுடுகிற இரண்டு பேர்,
தெற்கே ஓபாவாவில் ஒரு பல் மருத்துவர்,
அதற்கும் தெற்கே ஏதோ பள்ளிக்கூடக் கூரையில்
பதினோரு பிள்ளைகள்.
கல்லைப் பார்க்க எவரும் வரவில்லை.
அது எதை மறைக்கிறது என்று பார்க்கத்தான்.

இரண்டு நாற்பத்தொன்று.
அணைந்தது.
மங்கவில்லை, நடுங்கவில்லை,
யாரோ சுவிட்சைத் தட்டினாற்போல.

ஒன்று. இரண்டு.
இருநூற்றுப் பதினேழு ஞாபகம் வந்தது.
அந்தக் கொக்கி பதினாலு மணி நேரம் காலியாகக் கிடந்தது.
ஷிஃப்ட் முடிந்தும் நான் எழுந்து போகவில்லை.
கடைசியில் விளக்கு வந்தது,
வேறொருவன் கையில்.
துடைத்துச் சார்ஜில் மாட்டி
பதிவேட்டில் 'வரவு' என்று எழுதினேன்.
வேறு கட்டம் அதில் இல்லை.

ஆறு.
ஆறு புள்ளி எட்டு.
வந்துவிட்டது.
அதே இடம், அதே வெளிச்சம்,
எங்கே போயிருந்தாய் என்று கேட்கவே முடியாது.
அலோய்ஸ் போட்ட கூச்சலில்
தெருக்கோடி நாய்வரை விழித்துக்கொண்டது.

விடியுமுன் எண்கள் வந்து சேர்ந்தன.
ஓப்போலேக்கு மூன்று விநாடி, ஓபாவாவுக்கு ஒன்பது.
பள்ளிக்கூடத்தில் நட்சத்திரம் அணையவே இல்லை,
பிள்ளைகள் அழாத குறையாம்.
அழ ஒன்றுமில்லை என்று பதில் போட்டேன்:
கல் உங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது,
அதன் தெற்கு ஓரத்தை
நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

கோடுகளை அடுக்கினால்
ஒரு பக்கம் நசுங்கிய உருளைக்கிழங்கு.
படிவத்தில் இரண்டே கட்டம்:
மறைந்த நேரம், மீண்ட நேரம்.
இரண்டையும் நிரப்பினேன், விறைத்த விரலால்.

அலோய்ஸ் உலர்த்தியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு
வேலியோரமாக நடக்கிறான்.
ஒயர் பின்னால் தொங்குவது
அவனுக்குத் தெரியாது.