இழுப்பறையில் இருப்பவை

மக்வாலா,
சாவி வழக்கமான இடத்தில்.
மூன்றாம் மின்படி இன்றும் இடதுபக்கம் முனகுகிறது,
எண்ணெய் கேட்டு எழுதிக்கொடுத்தாயிற்று.
இனி புத்தகங்கள்.

ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம்தான் நமக்கு,
அதில் பாதி உங்கள் கோட்டுப் பொத்தான்களுக்கே போய்விடுகிறது.
அதனால் எழுதிவைக்கிறேன்.

நீல அட்டை, முதுகு கிழிந்தது:
முந்நூறு பேர் உறங்கும் கப்பலில்
விழித்திருப்பவள் சமையல்காரி மட்டும்.
நாற்பது வருடம்
தினமும் இரண்டு தட்டு வைக்கிறாள்.
இரண்டாவது தட்டு, உறங்குகிறவர்களில்
ஒரு நாளைக்கு ஒருவர் பெயருக்கு.
விண்கலம் என்றாலே உங்களுக்குக் கொட்டாவி, தெரியும்.
இதில் விண்கலம் சும்மா பேருக்கு,
வெங்காயம்தான் கதை.
கடைசி வெங்காயத்தை அவள் என்ன செய்கிறாள்,
எழுபதாம் பக்கம்,
அதை மட்டும் படியுங்கள்.
பிறகு மூடிவைக்க முடிகிறதா பார்ப்போம்.

ஐந்து பாகத் தடியன்களைத் தொடாதீர்கள்.
இரண்டு அரசர்கள், ஒரு வாள், பதினாறு வரைபடங்கள்.
மூன்றாம் பாகம் என்னிடம் இல்லை,
இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினேன்.
ஒரு குதிரை கூடுதலாகச் செத்திருந்தது, அவ்வளவுதான்.
சுரங்கக் காற்று அடிக்கும்போது
கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்க நல்லவை.

நிழலுக்கு வரி வாங்கும் நகரம்,
நீங்கள் கொடுத்தது, முடித்துவிட்டேன்.
நீங்கள் சொன்னதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.
வரித்தண்டல்காரன் உச்சிவெயிலில் மட்டும்
வெளியே வருவது ஏன் என்று புரிந்த இடத்தில்
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
செல்லோவைச் சுமந்து மேலேறிக்கொண்டிருந்தவன்
பாதிவழியில் திரும்பிப் பார்த்தான்.
‘பணிநேரத்தில் வாசிக்கக் கூடாது’
என்ற பலகைக்கு நேர் கீழே நான்.

இங்கிருந்து பார்த்தால்
இறங்குகிறவர்களின் காலணிதான் முதலில் வருகிறது,
பிறகு முழங்கால், பிறகு பை,
கடைசியில்தான் முகம்.
வேற்றுக் கோளிலிருந்து வருகிறவர்களும்
இப்படித்தான் வருவார்கள் என்று
பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.
இதுவரை வந்தவர்கள் எல்லோரும்
திபிலீசிக்காரர்கள்.

பச்சை அட்டைப் புத்தகத்துக்கு
மன்னிப்புக் கேட்க வேண்டும்.
தொலைகோளில் சுரங்கம் தோண்டப் போன மகன்.
அவன் ‘நலம்’ என்று சொன்னால்
தாய்க்குக் கேட்கப் பதினோரு வருடம்.
அறிவியல் சுத்தமாக இருக்கிறது என்றுதான் கொடுத்தேன்,
நீங்கள் வடிவியல் டீச்சராக இருந்தவராயிற்றே.

ஓரங்களில் உங்கள் பென்சில்
கேள்விக்குறி போடும்,
அல்லது ‘கோணம் தப்பு’ என்று எழுதும்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
ஒரு பெயர் மட்டும் இருந்தது.
மல்காஸ்.
அதன் கீழே ஒரு கோடு,
தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.

போலந்தில் லாரி ஓட்டுகிறான் என்று
எப்போதோ ஒருமுறை சொன்னீர்கள்.
அங்கிருந்து குரல் வர
ஒரு நொடிகூட ஆகாது.
அதுதான் மோசம் என்று
இப்போது தோன்றுகிறது.
பழிபோட ஒளியாண்டுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை
உலர்பாலத்துச் சந்தை முழுக்கத் தேடினேன்.
விரிப்பில் சமோவார்களுக்கும் பதக்கங்களுக்கும் நடுவே
புத்தகம் விற்கிற ஆள் ஒன்றை நீட்டினான்,
‘இதில் மகன் திரும்பி வந்துவிடுவான்’ என்று.
வேண்டாம் என்றேன்.
அப்படிப்பட்ட பொய்யை
உங்கள் கையில் வைக்க எனக்குத் தைரியமில்லை.

வாங்கியது இது:
மூன்று சூனியக்காரிகள்,
பழுதான காற்றுகளைச் சரிசெய்துதரும் கடை,
வாடகைத் தகராறு.
ரஷ்ய மொழியில்தான் கிடைத்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.
யாருக்கும் மகன் இல்லை.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
நூற்று நாற்பதில் ஒரு மருமகன் தலைகாட்டுகிறான்,
சீக்கிரமே தவளையாகிவிடுகிறான்.

பச்சையை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை,
எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.
நீங்கள் அடையாளத்துக்கு வைத்த மாண்டரின் தோல்
இருநூற்றுப் பன்னிரண்டிலேயே காய்ந்துகிடக்கிறது.
அதற்குமேல் அறுபது பக்கம்.
எனக்கு முடிவு தெரியும்.
கேட்டால் சொல்வேன்.

கெண்டியில் கொஞ்சம் வெந்நீர் மிச்சம்.
மூன்றாம் மின்படியில் ஒரு கண் வையுங்கள்.

லம்சீரா